எடையைச் சொல்லி இறக்கி வைப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. பதினோரு வருஷமா கணக்கு எழுதுறவ. "இந்த வருஷம் நீ பேசு" என்று தலைவி அக்கா சொன்னபோது, "எனக்கு வரவு செலவு தவிர என்னக்கா தெரியும்?" என்று கேட்டேன். அதுக்கு அவங்க சொன்னாங்க: "குடும்பப் பாரம், கடன் பாரம்னு எல்லாக் கூட்டத்துலயும் பேசுறோம். உன் பொண்ணு நெசமாவே பாரம் தூக்குதே. பாரம் தூக்குறவங்க எப்படித் தூக்குறாங்கன்னு வந்து சொல்லு. நாமளும் கத்துக்கலாம்."

அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்ம வேலூருக்கும் பளுதூக்குதலுக்கும் ரொம்ப நாள் சொந்தம். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியவர். அந்த ஊர்க் காற்று பட்டோ என்னவோ, என் மகள் ஒன்பதாம் வகுப்பிலேயே "நான் பளு தூக்கப் போறேன்" என்று நின்றாள். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள்.

அப்போது எங்க தெருவில் சொல்லாதவர்கள் இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது? கர்ப்பப்பை எறங்கிடும், நாளைக்குப் புள்ள பொறக்காது." இதைச் சொன்ன அத்தை, சொல்லும்போது இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் வைத்திருந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பதினைந்து லிட்டர் குடம் என்றால் இரண்டு குடத்துக்கு 30 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டரும் ஏறக்குறைய அந்த எடைதான். அதை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போவது யார்? நாம்தான். ரேஷன் அரிசி மூட்டையை இடுப்பில் ஏற்றுவது யார்? நாம்தான். அதுக்கெல்லாம் கர்ப்பப்பை எறங்காது, இரும்புக் கம்பியைத் தூக்கினால்தான் எறங்குமாம்!

அந்த அத்தைக்கு நான் கர்ணம் மல்லேஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896-ல் இருந்து பளு தூக்குகிறார்கள். பெண்களுக்கு அந்த மேடை கிடைத்தது 2000-ல், சிட்னியில்தான். அந்த முதல் தடவையிலேயே மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். தங்கத்துக்கும் அவருக்கும் இடையே இரண்டரை கிலோதான். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த வருஷமே, 2001-ல், ஒரு மகனுக்கும் தாயானார். அத்தை அதற்குப் பிறகு கர்ப்பப்பையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் "கல்யாணம் எப்ப?" என்று கேட்டார்கள். அது வேற கதை!

பயிற்சிக்கூடத்தில் பார்த்தது

மகளைக் கூட்டிக்கொண்டு போய் விடுவேன், மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குழுக் கணக்கை எழுதுவேன். எழுதிக்கொண்டே பார்ப்பேன். மூன்று வருஷம் பார்த்ததில் எனக்கு விளங்கியதை நாலு விஷயமாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம்: அங்கே எடை தெரியாமல் யாரும் எதையும் தூக்குவதில்லை. பெண்கள் தூக்கும் கம்பி மட்டுமே 15 கிலோ. வட்டுகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. தூரத்திலிருந்து பார்த்தாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடலாம். போட்டி என்றால் மைக்கில் பெயரைச் சொல்லி, இத்தனை கிலோ, இது எத்தனையாவது முயற்சி என்று அறிவித்த பிறகுதான் தூக்க வருவார்கள்.

இரண்டாவது விஷயம்: படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். நேற்று 50 தூக்கியவள் இன்றைக்கு 70 கேட்டால் கோச் சார் விடமாட்டார். ஒரு கிலோ, இரண்டு கிலோவாகத்தான் கூடும். நடுவில் ஓய்வு நாள் உண்டு. என் மகள் ஒரு ஓய்வு நாளில் திருட்டுத்தனமாகப் பயிற்சிக்குப் போய் நின்றபோது, "ஓய்வும் பயிற்சிதாம்மா, போய்த் தூங்கு" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு அது புதுசா இருந்தது. தூங்கச் சொல்லி யாராவது நம்மைத் திட்டியிருக்கிறார்களா?

மூன்றாவது விஷயம்: தூக்க ஒரு முறை இருக்கிறது. முதுகை வளைத்து இழுக்க மாட்டார்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, கம்பியை உடம்புக்கு ஒட்டினாற்போல் பிடித்து, தொடையின் பலத்தால் எழுவார்கள். இதை நம் வீட்டுக் குடத்துக்கும் மூட்டைக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எட்ட நின்று குனிந்து தூக்காதீர்கள். கிட்டப் போய், மடங்கி உட்கார்ந்து, அணைத்துத் தூக்குங்கள். பாதி முதுகுவலி அங்கேயே நின்றுவிடும்.

நாலாவது விஷயம்தான் முக்கியம். தலைக்கு மேலே தூக்கிவிட்டு, ஆடாமல் அசையாமல் நிற்கிறார்கள் அல்லவா, அப்போது "டவுன்" என்று ஒரு சமிக்ஞை வரும். அது வந்ததும் பாரத்தை இறக்கிவிடலாம். எத்தனை பெரிய வீராங்கனையாக இருந்தாலும் தலைக்கு மேல் வைத்திருப்பது சில விநாடிகள்தான். உலகத்திலேயே பலமான பெண்ணுக்குக்கூட, தூக்கியதை இறக்கி வைக்க நேரமும் இடமும் குறித்துத்தான் அந்த விளையாட்டையே அமைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் கதைக்கு வாங்க. நம் பாரத்துக்கு எடை எழுதியிருக்கிறதா? இல்லை. படிப்படியாக ஏறுகிறதா? இல்லை. மாமியாருக்கு உடம்பு முடியாமல் போவதும், காலேஜ் பீஸ் கட்டுவதும், வீட்டுக்காரருக்கு வேலை போவதும் ஒரே மாசத்தில் வரும். ஓய்வு நாள் உண்டா? ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்குழம்பு, அன்றைக்குத்தான் வேலை கூட! 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவழிப்பது ஒரு நாளைக்கு 299 நிமிடம். வீட்டு வேலை பார்க்கும் ஆண்கள் செலவழிப்பது 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. பீடி சுற்றுவது, கட்டட வேலை, நூறு நாள் வேலை எல்லாம் இதற்கு மேலே.

"டவுன்" என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

விறகு தூக்கிய பெண்

மணிப்பூரில் நோங்போக் காக்சிங் என்று ஒரு கிராமம். அங்கே பிறந்தவர் மீராபாய் சானு. அவருடைய அம்மா டீக்கடை நடத்தியவர். சின்ன வயதில் காட்டுக்கு விறகு பொறுக்கப் போவார்கள். அண்ணனால் தூக்க முடியாத கட்டை இந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் தலையில் வைத்து நடந்து வருமாம். இம்பாலில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போகப் பணம் இருக்காது. மணல் லாரிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்கள்.

2016-ல் ரியோ ஒலிம்பிக். போட்டியில் இரண்டு வகை உண்டு. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது ஸ்நாட்ச். முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பும் மீராபாய்க்குப் போனது. மொத்தக் கணக்கே இல்லாமல் போட்டியை முடிக்காதவர் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 21. அம்மா தன் நகையை விற்று ஒலிம்பிக் வளையம் மாதிரித் தோடு செய்து போட்டு அனுப்பியிருந்தார். அந்தத் தோட்டோடுதான் வெறுங்கையாய்த் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் மனம் உடைந்து போனார். இதை மறைக்கவில்லை. மனநல ஆலோசனைக்குப் போனார், வாராவாரம் உட்கார்ந்து பேசினார். மறு வருஷம், 2017-ல், அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 194 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் முதுகில் காயம். ஆசிய விளையாட்டுக்குப் போக முடியவில்லை. மறுபடி இறக்கி வைத்தார், மறுபடி படிப்படியாக ஏற்றினார். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87-ம் 115-ம், மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி. அவர் போட்டியிட்டது 49 கிலோ எடைப் பிரிவில். தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் அந்த 115 கிலோ. காதில் அதே தோடு.

பதக்கம் வாங்கி ஊருக்குப் போனதும், தன்னை ஏற்றிக்கொண்டு போன லாரி ஓட்டுநர்களைத் தேடிப் பிடித்து, சுமார் 150 பேரை வரவழைத்துச் சாப்பாடு போட்டு மரியாதை செய்தார். தான் ஒருத்தியே தூக்கினேன் என்று அவர் நினைக்கவில்லை.

2024 பாரிஸில் மொத்தம் 199 கிலோ. வெண்கலம் வாங்கியவர் 200. ஒரு கிலோ குறைந்து நாலாவது இடம். மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பில் தெம்பு குறைவாக இருந்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எத்தனை பேர் முன்னால், எத்தனை கேமரா முன்னால்! நாம் அந்த நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, தலைவலி" என்று சொல்லிவிட்டுத்தானே துணி துவைக்கிறோம்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ். அதே டோக்கியோவில், அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே புத்திக்குப் பிடிபடவில்லை என்று அணிப் போட்டியின் பாதியில் விலகிக்கொண்டார். மனசு சரியில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஏசியவர்கள் நிறையப் பேர். அந்த நிலையில் குதித்திருந்தால் கழுத்தே முறிந்திருக்கலாம். மூன்று வருஷம் கழித்து பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். இறக்கி வைத்ததால்தான் அவருக்கு மறுபடி தூக்க உடம்பு இருந்தது.

நம்மில் ஒரு சகோதரி

இப்போது நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம், குழு வேண்டாம், ஊரும் வேண்டாம்.

அவர் நம் குழுத் தவணையில் ஒரு நாள் பாக்கி வைத்தவர் இல்லை. கணக்கு எழுதும் எனக்கு அவர் பக்கம் வந்தால் சந்தோஷமாக இருக்கும், அத்தனை சுத்தம். எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள், "அவளப் பாரு, எப்படிக் கட்டுறா."

போன வருஷம் மூன்று கூட்டம் தொடர்ந்து வரவில்லை. பணம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வந்துவிடும். ஒரு நாள் அவருடைய சின்ன மகள் ஊக்குநர் வீட்டுக்கு மோர் வாங்க வந்தபோது போகிற போக்கில், "எங்கம்மா ராத்திரியில தூங்கவே மாட்டேங்குது ஆயா, கெணத்தடியிலயே போய் ஒக்காந்துக்குது" என்றிருக்கிறாள்.

கிணத்தடி என்ற வார்த்தையைக் கேட்டதும் ஊக்குநர் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டார், என்னையும் நோட்டோடு வரச் சொன்னார்.

முதலில் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். நாங்கள் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, அரிசிப் பானைக்குள்ளிருந்து அட்டைகளை எடுத்து வைத்தார். மூன்று தனியார் நிதி நிறுவனங்களின் வாரத் தவணை அட்டை. திங்கள் 850, புதன் 920, வெள்ளி 780. ஒன்று கணவரின் ஆபரேஷனுக்கு வாங்கியது. இரண்டாவது முதலாவதைக் கட்ட. மூன்றாவது இரண்டாவதைக் கட்ட.

நான் நோட்டைப் பிரித்து எழுதினேன். வாரத்துக்கு 2,550. மாசத்துக்கு நாலு வாரம் என்று வைத்தால் 10,200. நம் குழுத் தவணை 1,500. ஆக 11,700. குடும்பத்தின் மாச வருமானம், அவர் சுற்றும் பீடியும் கணவரின் கூலியும் சேர்த்து 17,000. மிச்சம் 5,300 ரூபாயில் நாலு பேர் சாப்பிட்டு, மருந்து வாங்கி, கரண்ட் பில் கட்ட வேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அந்தச் சகோதரி சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது: "இவ்வளவுதானா அக்கா? எனக்கு எவ்வளவுன்னே தெரியாம இருந்துச்சு." பதினோராயிரத்து எழுநூறு சின்னத் தொகை இல்லை. ஆனால் இருட்டில் ராத்திரி முழுக்க அது மலையாக நின்றிருக்கிறது. எழுதியதும் அது ஒரு எண் ஆகிவிட்டது. எண் என்றால் கழிக்கலாம், வகுக்கலாம்.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகள் நமக்குத் தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து, மாச வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வசூலுக்கு வருகிறவர்கள் மிரட்டிப் பேசக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது. இந்தச் சகோதரிக்குப் பாதி என்பது 8,500. அவர் கட்டியது 11,700. போன் வந்தது ராத்திரி எட்டு மணிக்கு.

குழுவைக் கூட்டினோம். உள்கடனாக 13,000 ரூபாய் கொடுத்து, முடியும் தறுவாயில் இருந்த மூன்றாவது கடனை அடைத்துவிடலாம் என்று தீர்மானம் வைத்தோம். சுலபமாக நிறைவேறவில்லை. "நான் வயித்தக் கட்டிச் சேத்த காசு. அவ கட்டலன்னா யாரு பொறுப்பு?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர், "வெளியில மூணு கடன் வாங்கும்போது நம்மகிட்டச் சொன்னாளா?" என்றார். அதுவும் நியாயம்தான். அதற்கு அந்தச் சகோதரி மெதுவாகச் சொன்னார்: "எப்படிக்கா சொல்லுவேன்? என்னையப் பாத்துக் கத்துக்கங்கன்னு எல்லாருக்கும் சொன்னீங்க."

யாரும் பேசவில்லை. ஒரு பாராட்டுகூட ஒருத்தி தலையில் பாரமாக ஏறியிருக்கிறது.

பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. எதிர்த்த நாலு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பயம் உள்ளவர்கள் பயத்தைச் சொன்னார்கள். அதனால்தான் திருப்பிக் கட்டும் முறையை வரிவரியாக எழுதினோம், மாசம் 1,000 வீதம்.

மறுநாள் மூன்று பேர் அவரோடு நிதி நிறுவனங்களின் கிளைக்குப் போனோம். தனியாகப் போயிருந்தால் பேச விட்டிருக்க மாட்டார்கள். ஒரு நிறுவனம் முடியாது என்றது. இன்னொன்று 920 ரூபாய் வாரத் தவணையை 600 ஆகக் குறைத்து, காலத்தை நீட்டிக் கொடுத்தது. நீட்டினால் மொத்த வட்டி கூடும். தெரிந்துதான் கேட்டோம். இப்போது வாரத்துக்கு 1,450, மாசத்துக்கு 5,800. குழுத் தவணை 1,500, உள்கடன் 1,000. மொத்தம் 8,300. பாதி வரம்புக்கு 200 ரூபாய் கீழே. இருநூறுதான். ஆனால் கீழே.

கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. ஆனால் அந்தச் சகோதரி இப்போது கூட்டத்துக்கு வருகிறார். தூங்குகிறார்.

சுமைதாங்கிக் கல்

நம் ஊர்ப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கி விட ஒரு கை இல்லாமலே, அப்படியே சாய்ந்து அதன்மேல் சுமையை வைத்துவிடலாம். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி யார் உதவியும் இல்லாமல் தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்குத் தோதான உயரத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லை எதற்காக நடுவார்கள் தெரியுமா? பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக. இறக்கி வைக்க முடியாமலே போய்விட்ட ஒருத்திக்காக, வழியில் போகிற எல்லாரும் இறக்கி வைக்க ஓர் இடம்.

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, வட்டிக்காரரிடம் போகாமல் நமக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்ளத்தான் சேர்ந்தோம். பணத்துக்காகச் சேர்ந்தது சரிதான். ஆனால் கூட்டம் என்றால் சந்தா கட்டுவதும் கையெழுத்துப் போடுவதும் மட்டும் ஆகிவிட்டால், நாமும் தவணை அட்டை மாதிரி இன்னொரு அட்டைதான். பாக்கி வைத்தவரை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் இடமாக இருந்தால், யாரும் அட்டையை அரிசிப் பானையிலிருந்து எடுக்க மாட்டார்கள். சுமைதாங்கிக் கல் "ஏன் இவ்வளவு தூக்கினாய்?" என்று கேட்பதில்லை.

அதனால் பொதுக்குழு முன்னால் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வோர் உறுப்பினரும் தனக்கு இருக்கும் எல்லாக் கடனையும், வெளிக்கடன், நகைக்கடன், கைமாற்று உட்பட, கணக்காளரிடம் சொல்லி எழுத வேண்டும். அது தனி நோட்டு. ஊக்குநரும் கணக்காளரும் தவிர யார் கண்ணிலும் படக் கூடாது. கூட்டத்தில் பேசியதைக் குழாயடியில் பேசினால் குழுவே கேட்க வேண்டும்.

இரண்டு: புதிதாக எங்கே கடன் வாங்குவதானாலும், வாங்கும் முன்பு பாதிக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வருமானத்தில் பாதி எவ்வளவு, தவணை எவ்வளவு. இரண்டு வரிக் கணக்கு.

மூன்று: தவணை பேச யாரும் தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேர் கூடப் போக வேண்டும்.

நாலு: மாசம் ஒரு கூட்டத்தில், சேமிப்பு வாங்கும் முன்பு, கால் மணி நேரம் வாய்விட்டுப் பேச ஒதுக்க வேண்டும். புத்தி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். நம்மால் தாங்க முடியாதது என்றால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. இந்த இரண்டு எண்ணையும் பாஸ்புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள்.

ஐந்து: உடம்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இரும்பைத் தூக்குகிறவளுக்கும் சரி, குடும்பத்தைத் தூக்குகிறவளுக்கும் சரி, உடம்பில் இரும்பு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். மாத்திரை கொடுத்தால் விழுங்குங்கள், அலமாரியில் சேர்க்க வேண்டாம்.

இந்த ஐந்தும் தீர்மானமாக வேண்டுமா, எதை மாற்ற வேண்டும் என்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். முதல் யோசனைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். எதிர்ப்பையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

சகோதரிகளே, பொறுத்துப் போ, தாங்கிக்கோ என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுவோம். எவ்வளவு எடை என்று கேட்டுத் தூக்கு. முறையாகத் தூக்கு. முடியாதபோது உரக்கச் சொல். இறக்கி வைப்பது தோற்பது ஆகாது.

சந்தா கட்டாதவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் வாருங்கள். பாக்கி இருந்தாலும் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.